கவசத் தகட்டின் பதம்

கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடித்து முடித்த அரிவாளை உலையில் வைத்துச் செக்கச்செவேல் என்று காய்ச்சுவார்கள். எடுத்ததும் முழுசாகத் தண்ணீரில் போட மாட்டார்கள். வாய்ப்பக்கத்தை மட்டும் தொட்டியில் முக்கி இழுப்பார்கள். சத்தம் அடங்கியதும் வெளியே எடுத்து, ஒரு செங்கல் துண்டால் வாயை இரண்டு தேய்ப்பு தேய்ப்பார்கள். கறுப்பு போய் வெள்ளை இரும்பு தெரியும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் வரும். பிறகு பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் மஞ்சள் பழுப்பாகத் திரும்பும் நேரத்தில் சட்டென்று மறுபடி தண்ணீரில் விடுவார். நீலம் வரை விட்டால் வாய் மடங்கும், அவசரப்பட்டு முன்னாலேயே நிறுத்தினால் முள்ளுக்கட்டையில் பட்டதும் தெறிக்கும் என்பார்.

அந்த நிறங்கள் இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருபவை. வைக்கோல் மஞ்சள் 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெரியும், நீலம் 300 வாக்கில். இடையில் இருப்பது 70 டிகிரிதான். அதை அவர் கண்ணாலேயே பிரித்தார்.

டாங்கியின் உடலுக்கும், ராணுவ வண்டியின் கதவுக்கும், பணம் ஏற்றிச் செல்லும் குண்டு துளைக்காத வேனுக்கும் போடும் எஃகுத் தகட்டுக்கு நடப்பதும் இதே இரண்டு வேலைதான். காய்ச்சி வேகமாகக் குளிரவைப்பது ஹார்டனிங். மறுபடி கொஞ்சம் சூடாக்கி, ஏறிய விறைப்பை அளவாக இறக்குவது டெம்பரிங். கவசம் என்றதும் எல்லோரும் முதல் வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எவ்வளவு கடினம், எத்தனை பிரினெல் (கடினத்தை அளக்கும் எண்) என்பதே கேள்வியாக இருக்கிறது. என் கணக்கில் கவசத்தின் விதி எழுதப்படுவது இரண்டாவது வேலையில். அதற்கப்புறம் அந்தத் தகட்டை யார், எவ்வளவு சூட்டில் தொடுகிறார்கள் என்பதிலும் அது எழுதப்படுகிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பத்தில் ஒரு விதமாக அடுக்கியிருக்கும். தூய இரும்பு 912 டிகிரியைத் தாண்டினால் அடுக்கு மாறிவிடும். அந்தச் சூட்டு அடுக்குக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். கார்பன் கலந்த எஃகில் இந்த மாற்றம் இன்னும் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே முடிந்துவிடும். ஆஸ்டெனைட்டில் கார்பன் அணுக்களுக்குத் தாராளமாக இடம் உண்டு, குளிர்ந்த அடுக்கில் அநேகமாக இடமே கிடையாது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பொறுமையாக ஒதுங்கித் தனியாகச் சேர்ந்துகொள்ளும், எஃகு மெத்தென்று இருக்கும். தண்ணீரை அடித்துச் சட்டென்று குளிரவைத்தால் கார்பனுக்கு ஒதுங்க நேரம் கிடைக்காது. உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கையே ஒரு பக்கமாக இழுத்து விறைக்க வைத்துவிடும். இப்படி விறைத்த நிலைதான் மார்ட்டென்சைட். அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மன் உலோகவியலாளரின் பெயரால் வந்த சொல் இது.

கடினத்தை அளக்கும் பிரினெல் முறை எளிமையானது. 10 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை 3000 கிலோ எடையால் தகட்டின் மேல் அழுத்தி, விழும் குழியின் அகலத்தைப் பார்ப்பார்கள். கட்டட வேலைக்கு வரும் சாதாரண மைல்ட் ஸ்டீல் 120 வாக்கில் நிற்கும். 0.3 சதவீதம் மட்டுமே கார்பன் உள்ள எஃகை நன்றாகத் தோய்த்தால் 500ஐத் தாண்டும். கார்பனை இன்னும் ஏற்றினால் இன்னும் கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும், வெல்டிங்கும் பிடிக்காது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி உலகத்துக்கே அனுப்பிய உருக்கில், ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்று அழைத்ததில், கார்பன் 1.5 சதவீதம் வாக்கில் இருந்தது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்துக்கு முன்னால் அந்த உருக்கைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். வாளுக்கு அது அருமையான பொருள். ஆனால் குண்டடி வாங்கிக்கொண்டு நிற்க வேண்டிய தகட்டுக்கு அந்தக் கார்பன் ஆகாது.

சரி, அரிவாளைத் தொட்டியில் முக்கலாம். எட்டு மீட்டர் நீளத் தகட்டை என்ன செய்வது? காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதே பிரச்சினை இங்கேயும் உண்டு. 900 டிகிரி வாக்கில் இருக்கும் தகட்டின் மேல் தண்ணீர் பட்டதும் ஆவிப்படலம் ஒன்று உருவாகி, அடுத்து வரும் தண்ணீரை ஒட்டவிடாமல் தடுக்கும். தொட்டியில் போட்டால் ஒரு பக்கம் படலம் உடையும், இன்னொரு பக்கம் உடையாது. ஒரு பக்கம் விறைக்கும், ஒரு பக்கம் விறைக்காது. தோய்க்கும்போது எஃகின் கன அளவும் கொஞ்சம் பெருகும் என்பதால் தகடு அப்பளம் மாதிரி வளையும். அதனால் இன்றைய ஆலைகளில் தகட்டை மேலும் கீழும் உருளைகளுக்கு நடுவே பிடித்து ஓட்டிக்கொண்டே, இரண்டு பக்கமும் அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக அடித்தாலும் கனமான தகட்டின் நடுப்பகுதி மெதுவாகத்தான் ஆறும். நடுவில் கார்பன் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாம் சேர்க்கிறார்கள். இவை ஒதுங்கலைத் தாமதப்படுத்தி, மெதுவாக ஆறும் இடத்திலும் மார்ட்டென்சைட் உருவாக நேரம் வாங்கித் தருகின்றன. இதில் ஆச்சரியமானது போரான். ஒரு டன் எஃகுக்கு 20, 30 கிராம் போதும். அந்தச் சிட்டிகை, எஃகுக்குள் ஒட்டிக்கிடக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளில் போய் உட்கார்ந்துகொண்டு ஒதுங்கல் தொடங்கவே விடாமல் பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தையை உலகம் கற்றது டாங்கிகளுக்காக அல்ல, போர்க்கப்பல்களுக்காக. 1876இல் இத்தாலியின் ஸ்பெட்சியாவில் 100 டன் பீரங்கி ஒன்றை வைத்து, தேனிரும்புத் (கார்பன் அநேகமாக இல்லாத மெத்தென்ற இரும்பு) தகடுகளையும் பிரான்சின் ஷ்னைடர் ஆலையின் எஃகுத் தகட்டையும் சோதித்தார்கள். தேனிரும்பைக் குண்டு துளைத்துக்கொண்டு போனது. எஃகுத் தகடு குண்டை நிறுத்தியது, ஆனால் தானும் வெடித்துச் சிதறியது. கப்பல்காரர்களுக்கு இது தர்மசங்கடம். மெத்தென்ற இரும்பு உடையாது, ஆனால் குண்டை உள்ளே விடும். கடினமான எஃகு குண்டை விடாது, ஆனால் இரண்டாவது குண்டு வரும்போது அங்கே தகடு இருக்காது.

1890 வாக்கில் அமெரிக்கரான ஹார்வி கண்டுபிடித்த வழி, நம் அரிவாளின் வழியேதான். முகம் கடினமாக இருக்கட்டும், முதுகு மெத்தென்று இருக்கட்டும் என்று அவர் முடிவுசெய்தார். தகட்டின் முகத்தில் கரியைப் பரப்பி, இரண்டு மூன்று வாரம் உலையில் வைத்து வாட்டினார். 0.2 சதவீதமாக இருந்த கார்பன் முகத்தில் 1 சதவீதம் வரை ஏறியது. அது உள்ளே இறங்கிய ஆழம் ஓர் அங்குலம் இருக்கும். பிறகு எண்ணெயில் ஒரு தோய்ச்சல், தண்ணீரில் ஒரு தோய்ச்சல். மேலே சொன்ன தோசைக்கல் பிரச்சினை அங்கேயும் வந்தது. கொஞ்ச காலத்தில் தண்ணீர்த் தொட்டியை விட்டுவிட்டு, ஆவிப்படலத்தை உடைக்கத் தண்ணீரைப் பீய்ச்ச ஆரம்பித்தார்கள்.

சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து க்ரூப் ஆலை இதையும் தாண்டியது. ஏறத்தாழ 4 சதவீதம் நிக்கல், 2 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகு. கரிக்குப் பதிலாக, சூடான தகட்டின் முகத்தில் கார்பன் கலந்த வாயுவை ஓடவிட்டார்கள். முத்தாய்ப்பு கடைசி வேலையில் இருந்தது. தகட்டின் முதுகைச் சூடேறாமல் காத்துக்கொண்டு முகப்பக்கத்தை மட்டும் காய்ச்சி, உடனே தண்ணீர் பீய்ச்சினார்கள். சூடு எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் விறைத்தது, அதாவது தகட்டின் கனத்தில் 30 முதல் 40 சதவீதம். அதற்குக் கீழே எஃகு படிப்படியாக மென்மைக்கு இறங்கியது. 12 அங்குல ஹார்வித் தகடு தந்த பாதுகாப்பை 10.2 அங்குல க்ரூப் தகடு தந்தது. கப்பல் முழுக்கப் போட்டால் அந்த இரண்டு அங்குலம் எத்தனை டன் மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாக் கடற்படைகளும் க்ரூப்பிடம் வரிசையில் நின்றன. ரஷ்ய அட்மிரல் மக்காரோவ் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். பீரங்கிக் குண்டின் கூர்முனைக்கு மென்மையான இரும்பில் ஒரு தொப்பி போட்டார். கடின முகத்தில் மோதும் அதிர்ச்சியைத் தொப்பி வாங்கிக்கொள்ள, கூர்முனை உடையாமல் உள்ளே இறங்கியது. கடினத்துக்கு எதிராக இங்கே ஜெயித்தது மென்மை. கவசத் துறையில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

இனி டெம்பரிங். தோய்ச்சல் முடிந்த தகடு உள்ளுக்குள் முறுக்கேறி நிற்கும். அப்படியே விட்டால் யாரும் சுடாமலே விரிசல் விடலாம். 150 முதல் 200 டிகிரிக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் அந்த முறுக்கு தளரும், கடினம் அதிகம் குறையாது. 500 பிரினெல் வகைத் தகடுகளுக்கு இந்தப் பதம்தான். 600 டிகிரி வாக்கில் வைத்தால் கார்பன் வெளியே வந்து நுண்ணிய உருண்டைகளாகப் படியும். கடினம் 300, 350க்கு இறங்கிவிடும், ஆனால் எஃகு நன்றாக அடி தாங்கும். டாங்கிகளின் கனத்த தகடுகளுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவந்த பதம் இது.

அப்படியானால் நடுவில், 300 டிகிரியில் வைத்தால் கடினமும் கிடைக்கும், தாங்கும் குணமும் கிடைக்கும் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் நடப்பது நேர்மாறு. 250க்கும் 400க்கும் நடுவே வைத்த எஃகு, இன்னும் குறைந்த சூட்டில் பதம் வைத்ததைவிட எளிதாக உடைகிறது. அந்தச் சூட்டில் வெளியே வரும் கார்பைடு (கார்பனும் இரும்பும் சேர்ந்த பொருள்), மார்ட்டென்சைட் பட்டைகளின் எல்லைகளில் ஓடு போலப் படிந்து, விரிசலுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதாவது நீலம் தெரியும் சூட்டில் கவச எஃகு கடினத்தையும் இழக்கும், உறுதியையும் இழக்கும்.

இதற்கு மேலே இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் நிக்கல்–குரோமியம் எஃகில் செய்த பீரங்கிக் குழாய்கள் காரணம் தெரியாமல் உடைந்தன. வேதிப் பரிசோதனையில் குறை இல்லை, கடினத்திலும் குறை இல்லை. அந்தக் குறைக்கு ஜெர்மனியில் 'க்ரூப் நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பின்னால்தான் விளங்கியது. டெம்பரிங் முடிந்து எஃகு மெதுவாக ஆறும்போது, 575 முதல் 375 டிகிரி வரையிலான பகுதியில் அதிக நேரம் தங்கிவிட்டால், எஃகில் தூசு அளவுக்கு இருக்கும் பாஸ்பரஸ், வெள்ளீயம், ஆன்டிமனி அணுக்கள் மணி எல்லைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. மணிக்கும் மணிக்கும் இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. இதற்கு மருந்து இரண்டு. டெம்பரிங் முடிந்ததும் தகட்டைத் தண்ணீரடித்து வேகமாக ஆற்றிவிடுவது ஒன்று, எஃகில் அரை சதவீதம் வாக்கில் மாலிப்டினம் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜெர்மனிக்கு மாலிப்டினம் கிடைக்காமல் போனது. அந்தக் காலத்து ஜெர்மன் டாங்கித் தகடுகளில் குண்டு பட்ட இடத்திலிருந்து நீளநீளமாக விரிசல் ஓடியிருப்பதைப் படங்களில் பார்க்கலாம். தகட்டின் கனம் போதாமல் வந்த விரிசல் இல்லை அது.

அதே போரில் சோவியத்துகளின் டி–34 டாங்கி வேறு கணக்குப் போட்டது. உருட்டிய தகடுகளை 400 பிரினெல்லைத் தாண்டிய கடினத்தில் வைத்து, சாய்வாகப் பொருத்தினார்கள். தகட்டின் கனத்தைவிட விட்டம் சிறிய குண்டுகள் அதில் மோதிச் சிதறின. ஆனால் பெரிய குண்டு பட்டால், தகடு துளைபடாவிட்டாலும் உள்பக்கமிருந்து சில்லுகள் பறந்தன. அமெரிக்கர்கள் இதைவிட மென்மையான பதத்தில் தங்கள் தகடுகளை வைத்திருந்தார்கள். இதில் யார் சரி, யார் தவறு என்று சொல்ல முடியாது. எதிரே வரும் குண்டு எது என்று தெரியாமல் கவசத்துக்குப் பதம் சொல்ல முடியாது.

குண்டு படும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரஷ்ய 7.62 மில்லிமீட்டர் துளைக்கும் ரகத் தோட்டா ஒன்று, நேட்டோவின் சோதனை முறைப்படி, நொடிக்கு 854 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் வயிற்றில் கடினப்படுத்திய எஃகு ஊசி ஒன்று இருக்கும். தகடு மென்மையாக இருந்தால் ஊசி எஃகை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். தகடு போதுமான கடினத்தில் இருந்தால், முதல் சில மைக்ரோ நொடிகளிலேயே ஊசி உடைந்துபோகும். அதனால்தான் சிறு ஆயுதங்களைத் தடுக்க வேண்டிய இலகு வண்டிகளுக்கு 500 பிரினெல் தகடு. ஸ்வீடனின் ஆர்மாக்ஸ் 500 தகட்டுக்கு 480 முதல் 540 வரை அனுமதி. அதே தகடு மைனஸ் 40 டிகிரிக் குளிரில் அடித்து உடைக்கும் சோதனையில் குறைந்தது 25 ஜூல் தாங்கியாக வேண்டும். முதல் எண் விளம்பரத்தில் வரும். வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணையும் சேர்த்து.

ஏனென்றால் கடினத் தகட்டுக்கு இன்னொரு சாவு இருக்கிறது. குண்டு அழுத்தும் இடத்தைச் சுற்றி எஃகு நசுங்கும்போது சூடு பிறக்கிறது. எல்லாம் மைக்ரோ நொடிகளில் நடப்பதால் அந்தச் சூட்டுக்கு வெளியே பரவ நேரமில்லை. நசுங்கும் கோட்டில் மட்டும் எஃகு இளகுகிறது. இளகிய இடம் மேலும் நசுங்குகிறது, மேலும் சூடாகிறது. தலைமுடி அளவு அகலமுள்ள ஒரு கோடு தகட்டின் கனம் முழுக்க ஓடி, வட்டமாக ஒரு துண்டு பாட்டில் மூடி மாதிரி கழன்று உள்ளே பறக்கிறது. குண்டே முழுசாக உள்ளே வந்திருக்காது, தகட்டின் துண்டுதான் ஆளைக் கொன்றிருக்கும். கடினம் ஏற ஏற இந்த ஆபத்தும் ஏறுகிறது. கண்ணிவெடிக்குத் தாங்க வேண்டிய வண்டி அடிப்பகுதிக்கு அதனால்தான் கடினம் குறைந்த, வளைந்து கொடுத்து அடியை வாங்கும் தகட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே வண்டியில் பக்கச்சுவருக்கு ஒரு பதம், வயிற்றுக்கு ஒரு பதம்.

நம் நாட்டில் இந்த வேலை பல ஊர்களில் பரவிக் கிடக்கிறது. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய எஃகு வகைகளில் ஜாக்கல் என்ற கவச எஃகும் ஒன்று. ரூர்கேலா உருக்காலையில் பாதுகாப்புத் துறைக்கான தகடுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாங்கிகள் உருவாவது 1965 முதல் அந்தத் தொழிலில் இருக்கும் ஆவடியில். அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஹார்டனிங், டெம்பரிங் என்று பேசினால் யாரும் அகராதி தேட மாட்டார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் இடம் வெல்டிங் மேசை. உலையில் அத்தனை பாடுபட்டு 200 டிகிரியில் நிறுத்திய தகட்டை, வெல்டர் ஒரே வரியில் 1500 டிகிரிக்குக் கொண்டுபோகிறார். உருகிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டை புதிதாகத் தோய்ச்சல் வாங்கி, பதம் வைக்காத மார்ட்டென்சைட்டாக நிற்கும். அதற்கு அடுத்த பட்டையில் 300, 400, 600 என்று எல்லாச் சூடும் வரிசையாக இருக்கும். நாம் தவிர்த்த அத்தனை பள்ளங்களும் அங்கே ஒன்றுசேர்ந்து உட்கார்ந்திருக்கும். கடினம் இறங்கிய அந்தப் பட்டை, வெல்டிங் கோட்டின் இரண்டு பக்கமும் ஓடும். அதனால் நல்ல வடிவமைப்பாளர் இணைப்புகளைக் குண்டு நேராகப் படாத இடத்தில் வைப்பார், அல்லது பின்னால் ஒரு பட்டைத் தகடு கொடுப்பார்.

ஹைட்ரஜன் தொல்லை தனி. வெல்டிங் குச்சியின் பூச்சில் இருக்கும் ஈரம், தகட்டில் ஒட்டிய எண்ணெய், துரு எல்லாவற்றிலிருந்தும் ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் போகும். விறைத்த மார்ட்டென்சைட்டுக்கு அது விஷம். இதற்காகவே கவச வேலையில் பல இடங்களில் துருப்பிடிக்காத எஃகு வகைக் குச்சியால் பற்றவைக்கிறார்கள். அந்த எஃகு மென்மையானது, தகட்டின் கடினத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஹைட்ரஜனைத் தனக்குள் பிடித்துவைத்துக்கொண்டு தகட்டுக்கு விடாது, சுருங்கும் இழுப்பையும் தானே வாங்கிக்கொள்ளும்.

கவனமான பட்டறையில் வெல்டரின் பையில் மெழுகுச் சாக்பீஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் உருகும்படி செய்தவை. ஒரு வரி போட்டதும் அடுத்த வரிக்கு முன்னால் தகட்டில் 200 டிகிரி சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். கோடு உருகி வழிந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தகடு ஆறும்வரை காத்திருப்பார். எல்லாம் முடிந்த பிறகும் அன்றைக்கே பரிசோதனை கிடையாது. ஹைட்ரஜன் விரிசல் மணிக்கணக்கில் கழித்து, சில நேரம் மறுநாள்தான் வாய் திறக்கும். அதனால் 48 மணி நேரம் தகட்டை அப்படியே விட்டுவைத்து, அதற்குப் பிறகுதான் பரிசோதகர் விளக்கோடும் மீயொலிக் கருவியோடும் வருவார்.